பெட்டியை முன்னால் தள்ளு

கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிவிட்டுத் திரும்பினேன். 'தி மேன் ஹூ ஸோல்ட் ஸ்வெட்டர்ஸ் டு மை அங்கிள் வாஸ் டயர்ட்.' குளிர் தொடங்கினால் மைசூரில் திபெத்தியர்கள் நடைபாதையில் ஸ்வெட்டர் கடை விரிப்பார்கள். காலையில் அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வந்திருந்தேன், அந்த நினைப்பில் வந்த வாக்கியம். கடினமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. களைத்துப்போயிருந்தது யார் என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு, கன்னட வழி, நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஏறக்குறைய வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொன்னது: "அங்கிள், மிஸ்!"

நான் உடனே திருத்தவில்லை. ஏன் மாமா என்று கேட்டேன். முதல் பெஞ்சில் இருந்த பெண் எழுந்து வந்து, கடைசி நான்கு சொற்களுக்கு அடியில் விரலை ஓட்டிக் காட்டினாள். 'மை அங்கிள் வாஸ் டயர்ட்.' அப்படித்தானே எழுதியிருக்கிறது, மிஸ்?

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நான்கு சொல்லும் ஒட்டி உட்கார்ந்து தாமே ஒரு முழு வாக்கியமாகி விடுகின்றன. நாம் 'என் மாமாவுக்கு ஸ்வெட்டர் விற்ற ஆள் களைத்திருந்தான்' என்போம். ஆளைப் பற்றிய விவரம் எல்லாம் ஆளுக்கு முன்னால் வந்துவிடும். ஆளும் களைப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், குழப்பமே வராது. கன்னடத்திலும் அதே வரிசைதான். ஆங்கிலம் ஆளை முதலில் சொல்லிவிட்டு, அவனைப் பற்றிய விவரத்தை அவன் முதுகில் கட்டிவிடுகிறது. மூட்டை முடியும் இடத்தில் மாமா நிற்கிறார், களைப்பு அவர் தலையில் விழுகிறது. இது நடந்தது 1996இல். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்த வாக்கியத்தை எல்லா வகுப்புக்கும் கொண்டுபோனேன்.

எங்கள் குடும்பம் தர்மபுரிப் பக்கம். தாத்தா துணி ஆலை வேலைக்காக மைசூருக்கு வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தேன். 1988இல் ஆங்கில ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது கர்நாடகக் கன்னட வழிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பில்தான் ஆங்கில எழுத்தே தொடங்கும். 2007-08க்குப் பிறகுதான் அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் மொத்தம் 625 மதிப்பெண். முதல் மொழிக்கு 125, இரண்டாம் மொழியான ஆங்கிலத்துக்கு 100. அந்த நூறில்தான் பல பிள்ளைகளின் கால் தடுக்கும். கணக்கில் எண்பது வாங்குகிறவன்கூட ஆங்கிலத்தில் முப்பத்தைந்தைத் தொடுவதற்குள் திணறிப்போவான்.

முதல் சில வருடங்கள் நான் செய்தது தவறு. மற்ற ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்த வழியைத்தான் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்: கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு, கிடைத்த வரியை அப்படியே எழுது. பிள்ளைகள் மதிப்பெண் வாங்கினார்கள். எனக்கும் நல்ல டீச்சர் என்ற பெயர் கிடைத்தது. ஒரு மாதத் தேர்வில் 'அவள் ஏன் அழுதாள்' என்ற கேள்விக்கு, பத்தியில் 'அழுதாள்' என்று வரும் வரியை இருபது பேர் அப்படியே எழுதியிருந்தார்கள். காரணம் அதற்கு நான்கு வரி முன்னால் இருந்தது. விடைத்தாளைத் திருத்தும்போது அதைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் சொந்தமாக ஒரு பொய் வாக்கியம் செய்துகொண்டு போனேன். 'தி டோக்கி மிம்ட் தி லாஃபு நியர் தி ஸர்க்.' எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். லாஃபுவை மிம்ட் செய்தது யார்? டோக்கி. எங்கே? ஸர்க் பக்கத்தில். கேட்ட கேள்விக்கெல்லாம் வகுப்பு முழுவதும் சரியான விடை எழுதியது. பிறகு, ஸர்க் என்றால் என்ன என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் தயங்கித் தயங்கி, "அர்த்த ஆக்லில்லா, மிஸ்" என்றான். புரியவில்லை என்கிறான். ஏழு மாதத்தில் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். அதுவரை புரியவில்லை என்று சொல்வதற்கான தேவையே என் வகுப்பில் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மைசூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இங்கேதான் இருக்கிறது. மண்டலக் கல்வி நிறுவனம் அதற்கும் முன்னால், 1963இல் வந்தது. பணியிடைப் பயிற்சிக்குப் போகிற ஆசிரியர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நான் நூலகத்துக்குப் போனேன். அங்கே இரண்டு பேரைப் பற்றிப் படித்தேன்.

ஒருவர் மைக்கேல் வெஸ்ட். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளத்துப் பிள்ளைகளைக் கவனித்து 1926இல் இருமொழிக் கல்வி பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பாதிப் படிப்பில் நின்றுவிடுகிற பிள்ளைக்கு நாம் கற்பித்த ஆங்கிலத்தில் என்ன மிஞ்சும் என்று அவர் கேட்டார். இன்ஷூரன்ஸ் பாலிசியை நடுவில் நிறுத்தினால் கைக்கு வருமே, சரண்டர் மதிப்பு, அந்தச் சொல்லையே பயன்படுத்தினார். பேச்சும் எழுத்தும் பாதியில் நின்றால் ஒன்றும் மிஞ்சாது. படித்துப் புரிந்துகொள்ளும் திறன் பாதி வந்திருந்தாலும் அந்தப் பாதி உதவும் என்பது அவர் கட்சி. என் வகுப்பில் பத்தாவதோடு நிற்கிற பெண்கள் நிறையப் பேர். மருந்துச் சீட்டும் வங்கிப் படிவமும் அவர்கள் கைக்கு வரத்தான் போகின்றன. அந்தப் பக்கங்களைப் படித்தபோது என் வகுப்பறையையே பார்ப்பது போலிருந்தது.

இன்னொருவர் என். எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தபோது, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை போன்ற ஊர்களில் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் என்று எதையாவது கொடுத்துக் கணக்குப் போடுவது போல விடை கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மூளை விடையைத் தேடி ஓடும்போது மொழி பின்னால் வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. நான் கால அட்டவணையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். காலை ரயிலைத் தவறவிட்டவர் பெங்களூரில் பகல் பன்னிரண்டு மணிக் கல்யாணத்துக்கு எந்த ரயிலில் போனால் சாப்பாட்டுக்காவது போய்ச் சேரலாம்? அன்றைக்கு வகுப்பில் யாரும் கொட்டாவி விடவில்லை. ஆனால் அட்டவணையைப் படித்தவர்கள் பத்தி வந்ததும் மறுபடி மாமாவிடமே போய் நின்றார்கள். பிரபுவின் வழி பிள்ளைகளின் பயத்தை எடுத்தது. நீளமான வாக்கியத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு வேறு எதையோ தேட வேண்டியிருந்தது.

அது எனக்குக் கிடைத்த இடம் பைலகுப்பே.

மைசூரிலிருந்து மேற்கே எண்பது கிலோமீட்டர். சப் அர்பன் பஸ் நிலையத்தில் குஷால்நகர் பஸ் ஏறினால் ஹுன்சூர், பிரியாப்பட்டணம் தாண்டி இரண்டு மணி நேரம். வழி நெடுகப் புகையிலைக் காடு. பைலகுப்பே வந்ததும் சோளக் கொல்லை, காற்றில் அடித்துக்கொள்ளும் பிரார்த்தனைக் கொடிகள். 1960இல் அன்றைய மைசூர் மாநிலம் நிலம் கொடுத்துத் தொடங்கிய குடியிருப்பு அது. தென்னிந்தியாவில் திபெத்தியர்களுக்கு அமைந்த முதல் பெரிய ஊர். மைசூர்க்காரர்கள் 'கோல்டன் டெம்பிள்' பார்க்கப் போவது அங்கேதான், நம்த்ரோலிங் மடாலயத்துக்கு. அங்கே பாடம் நடத்தும் என் பழைய மாணவி ஒருத்தி கூப்பிட்டாள். 2008 முதல் ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், விடுதியில் இருக்கும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பத்திகளை நடத்தினேன். அவர்கள் என்னை 'கென்லா' என்பார்கள். ஆசிரியரை அங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவது.

போன முதல் நாளே ஒன்று கவனித்தேன். ஆங்கில ஸ்பெல்லிங்கைக் கண்டு கன்னடப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் அலறுவது போல இவர்கள் அலறவில்லை. எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்பது அவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. திபெத்திய மொழியில் எட்டு என்ற எண்ணுக்கு ப, ர, க, ய, த என்று ஐந்து எழுத்தை அடுக்கி எழுதுகிறார்கள். வாயில் வருவது 'கியே' என்ற ஓர் அசை. ஒரு பெண் அதை என் நோட்டில் எழுதிக் காட்டிவிட்டு, "உங்கள் ஆங்கில எட்டிலும் ஒலிக்காத எழுத்து இரண்டு இருக்கிறதே, கென்லா" என்றாள். நான் யோசித்ததே இல்லை. தொடக்க வகுப்புகளில் திபெத்திய மொழியிலேயே படித்துவிட்டு, பிறகு ஆங்கில வழிக்கு வந்தவர்கள். உரக்க வாசிக்கச் சொன்னால் மடமடவென்று வாசிப்பார்கள். மாமா வாக்கியத்தை எழுதிக் கேட்டேன். அங்கேயும் மாமாதான் களைத்திருந்தார்.

அந்த வகுப்பில் ஒரு பையன். மற்றவர்களைவிட இரண்டு, மூன்று வயது மூத்தவன். திபெத்தின் அம்தோ பகுதியிலிருந்து பனிமலை தாண்டி நேபாளம் வழியாகப் பத்து வயதில் வந்தவன். 2008க்கு முன்னால் அப்படி வருடா வருடம் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தார்கள். அதன் பிறகு எல்லை இறுகிவிட்டது. அவன் பேசுகிற அம்தோ வழக்கு, பைலகுப்பேயில் பிறந்த பிள்ளைகளுக்குப் பாதிதான் புரியும். அவன் பள்ளிக்கூடம் போய்ப் படித்தது சீன மொழியில். கதைப் புத்தகம் வேண்டுமென்றால் இன்னும் சீனத்தில்தான் படிப்பான். ஆங்கிலத்தில் உரக்க வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பான். வாசிக்கத் தெரியாதவன் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். நானும் முதல் இரண்டு ஞாயிறு அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது முறை, வாய் திறக்காமல் படித்து விடை எழுதும் பயிற்சி கொடுத்தேன். எல்லாருக்கும் முன்னால் அவன் தாளை நீட்டினான். எட்டுக் கேள்வியில் ஐந்து சரி. மடமடவென்று வாசிக்கிற பெண்ணுக்கு மூன்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு அவனை உட்கார வைத்து, நீ எப்படிப் படிக்கிறாய், எனக்குச் சொல்லிக்கொடு என்று கேட்டேன்.

சொன்னான். சீனாவில் முதல் வகுப்பில், சீன எழுத்தின் ஒலியைக் காட்ட ரோமன் எழுத்தைத்தான் கற்றுத்தருகிறார்கள். 1958இல் வந்த பின்யின் முறை. அதனால் ஏ, பி, சி, டி அவனுக்குப் புதிதில்லை, ஒலிதான் வேறு. ஆங்கிலத்தில் 'கேன்' என்று படிக்கும் சொல் பின்யினில் 'ட்ஸான்' ஆகும். நீளத்தைக் குறிக்கும் 'லாங்' அங்கே 'லுங்', டிராகன் என்று பொருள். வந்த புதிதில் பெண்கள் தண்ணீர் சுமப்பதைப் பற்றி ஒரு பாடமாம். 'விமன்' என்ற சொல்லைப் பார்த்ததும் அவனுக்கு அது 'வோமன்'. சீனத்தில் அதற்கு 'நாங்கள்' என்று பொருள். நாங்கள் எப்போது தண்ணீர் சுமந்தோம் என்று பாடம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தானாம். அதற்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தான். ஒலியை விட்டுவிடுவது, ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லையும் சீன எழுத்தைப் போல ஓர் உருவமாக மனதில் பதித்துக்கொள்வது. பார்த்ததும் பொருள் வந்துவிடும், வாய்க்குத்தான் ஒன்றும் வராது. 'தோ', 'த்ரூ', 'தாட்', 'டஃப்' நான்கும் அவன் கண்ணுக்கு ஒரே முகச் சாயல் உள்ள அண்ணன் தம்பிகள், அங்கேதான் தடுமாறுவான். சீனம் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வருகிறவர்கள் சொல்லை முழு உருவமாகப் பிடிக்க முனைகிறார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருப்பதைப் பிறகு படித்தேன். ஆனால் ஒரு பிள்ளை அதைத் தானே கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லாமல் இருந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த முறை மறுபடி மாமா வாக்கியம். வகுப்பு வழக்கம்போல மாமா என்றது. அவன் கையைத் தூக்கவில்லை. நீ சொல் என்றதும் சாக்பீஸை வாங்கிக்கொண்டு ஆங்கில வாக்கியத்துக்கு அடியில் சீனத்தில் எழுதினான். பதினோரு எழுத்து. ஒவ்வொன்றின் கீழும் பொருளை ஆங்கிலத்தில் போடச் சொன்னேன். விற்க, ரோமம், துணி (இரண்டும் சேர்ந்தால் ஸ்வெட்டராம்), கொடு, என், மாமாவுக்கு இரண்டு எழுத்து. எட்டாவதாக 'த' என்று உச்சரிக்கிற ஒன்று. அதற்குத் தனியாகப் பொருள் இல்லை, கென்லா, அது ஒரு கொக்கி என்றான். பிறகு ஆள், மிக, களைப்பு. முதல் எட்டு எழுத்தையும் சுற்றி ஒரு பெட்டி போட்டான். 'த' வரைக்கும் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் ஆள். மேலே ஆங்கில வாக்கியத்தில், 'ஹூ'விலிருந்து 'அங்கிள்' வரை இன்னொரு பெட்டி. அம்புக்குறி போட்டு அதை 'மேன்' என்ற சொல்லுக்கு முன்னால் தள்ளினான். "சீனத்தில் பெட்டி முன்னால். ஆங்கிலத்தில் பின்னால்."

நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'என் மாமாவுக்கு ஸ்வெட்டர் விற்ற' என்பதும் அதே பெட்டிதான். 'விற்ற' என்பதன் கடைசி அகரம் இருக்கிறதே, நாம் பெயரெச்சம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது, அதுதான் நம்முடைய கொக்கி. தமிழையும் கன்னடத்தையும் அவனுக்கு அடியில் எழுதினேன். திபெத்தியப் பிள்ளைகள் இருவர் ஓடிவந்து தங்கள் மொழியில் எழுதினார்கள், பெட்டி முன்னால்தான் வந்தது. பெட்டிக்குள்ளே சொல் வரிசை வேறு வேறு. சீனத்தில் வினை ஆங்கிலம் போல முதலில் வருகிறது, நமக்கும் திபெத்தியருக்கும் கடைசியில் வருகிறது. ஆனால் பெட்டி உட்காரும் இடம் நான்கு மொழியிலும் ஒன்று. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு குடும்பங்களின் மொழிகளைப் பேசுகிற பிள்ளைகள் ஏன் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதற்கு என்னிடம் பன்னிரண்டு வருடமாக இல்லாத பதில் அந்தப் பலகையில் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஹுன்சூர் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

'பெட்டியை முன்னால் தள்ளு' என்பது அன்றிலிருந்து என் வகுப்பின் மந்திரம். முறை எளிது. பென்சிலை எடு. வாக்கியத்தில் எத்தனை வினை இருக்கிறது என்று எண்ணு. ஒன்றுக்கு மேல் இருந்தால் எங்கோ பெட்டி இருக்கிறது. 'ஹூ', 'விச்', 'தட்' என்பவை பெட்டியின் முன்பக்கச் சுவர். பின்பக்கச் சுவருக்குத்தான் பலகை கிடையாது, அதைத் தேட வேண்டும். மாமா வாக்கியத்தில் இரண்டாவது வினை எங்கே தொடங்குகிறதோ அதற்கு ஒட்டி முன்னால். பெட்டியை மூடியபின் அதை முன்னால் தள்ளி உன் மொழியில் சொல். 'யாரு? ஏனு மாடிதரு?' என்று கன்னடத்திலேயே கேட்பேன். பிள்ளையும் கன்னடத்திலேயே சொல்லலாம்.

இதற்கு எனக்கு எதிர்ப்பு வந்தது. நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் ஆங்கில வகுப்பில் தாய்மொழி பேசினால் இருபத்தைந்து பைசா அபராதம். அதை வசூலிக்கும் டப்பாவை வகுப்புத் தலைவன் வைத்திருப்பான். அந்த நினைப்புள்ளவர்கள் பிறகும் இருந்தார்கள், என் வகுப்பில் கன்னடம் அதிகம் கேட்கிறது என்று குறை சொன்னார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஆங்கில வாக்கியம் புரிந்ததா இல்லையா என்பதை அவள் வாயில் உள்ள மொழியில் கேட்காமல் நான் எப்படித் தெரிந்துகொள்வேன்? ஆங்கிலத்திலேயே கேட்டால் அவள் அந்த வரியையே திருப்பி என் கையில் கொடுப்பாள். டோக்கி, ஸர்க் பக்கத்தில்.

பெட்டிகள் எல்லாம் 'ஹூ' என்று அறிவித்துக்கொண்டு வருவதில்லை. 'தி ஹவுஸ் பில்ட் பை மை கிராண்ட்ஃபாதர் ஃபெல்.' விழுந்தது யார்? பைலகுப்பேயில் பாதிப் பேர் தாத்தாவைக் கீழே தள்ளினார்கள். தாத்தா கட்டிய வீடு விழுந்தது என்று வருவதற்கு நாற்பது நிமிடம் ஆனது. 'பில்ட்' அங்கே முழு வினையில்லை, பெட்டியின் மறைவான கதவு. 'ஆல்தோ' வேறு மாதிரித் தொல்லை. 'மழை பெய்தாலும்' என்று நாம் சேதியைச் சொல்லிவிட்டுக் கடைசியில் திருப்பம் வைக்கிறோம். ஆங்கிலம் திருப்பத்தை முதல் சொல்லிலேயே வைத்துவிடுகிறது. வாக்கியம் முடிவதற்குள் பிள்ளைக்கு அது மறந்துவிடும். சீனத்தில் இரண்டு பக்கமும் திருப்பச் சொல் உண்டாம். அதனால் அந்தப் பையன் 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் நடுவில் 'பட்'டும் போடுவான். அதைத் தவறு என்று சிவப்பு மையால் அடிப்பதற்கு முன்னால், அவனுக்குத் திருப்பம் புரிந்திருக்கிறது என்பதற்கு அந்தப் 'பட்' சாட்சி என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

பெட்டியால் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் பெட்டி போட்டார்கள். பக்கம் முழுக்கப் பென்சில் கோடு, பரீட்சையில் நேரம் போதவில்லை. ஒரு மாணவி அரைப் பரீட்சையில் இரண்டு கேள்வி எழுதாமல் விட்டு அழுதாள், அது என் தவறு. மூன்று மாதத்துக்குப் பிறகு பென்சிலைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும், பெட்டி கண்ணுக்குள் போய்விட வேண்டும். அதைச் சொல்ல நான் தாமதித்துவிட்டேன்.

சொல் தெரியாமல் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு பக்கத்தைத் தானாகப் படித்துப் புரிந்துகொள்ள, நூறு சொல்லில் தொண்ணூற்றெட்டாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து 2000இல் எழுதினார். நம் பத்தாம் வகுப்புப் பாடத்தில் பக்கத்துக்குப் பதினைந்து தெரியாத சொல் வரும். அதனால்தான் பிள்ளைகள் கைடு வாங்குகிறார்கள். அந்தப் பையன் தன் ஊரில் இருக்கும் சித்தப்பா மகனைப் பற்றிச் சொன்னான். அவன் அங்கே காவ்காவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தானாம். ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், அதில் ஒரு பங்கு படித்துப் புரிந்துகொள்ளும் பகுதி. ஆயிரக்கணக்கான சொற்களைப் பட்டியல் போட்ட புத்தகத்தை மனப்பாடம் செய்கிறார்கள். புத்தகத்தின் முதல் சொல் 'அபாண்டன்', கைவிடு. அந்த முதல் சொல்லோடு புத்தகத்தைக் கைவிட்டவர்கள் ஏராளம் என்று அங்கே எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்களாம். நான் பட்டியல் கொடுக்கவில்லை. வெஸ்ட் செய்தது போல, தெரிந்த சொற்களாலேயே சின்னச் சின்னக் கதை எழுதி, பக்கத்துக்கு இரண்டு புதுச் சொல் மட்டும் நுழைத்து, அந்த இரண்டையும் நாலைந்து முறை வர வைத்தேன். ஸ்வெட்டர் விற்கப் போன அப்பா, காட்டு யானை மிதித்த சோளக் கொல்லை, பஸ்ஸில் தூங்கிவிட்ட டீச்சர். ராத்திரி உட்கார்ந்து எழுதியவை இருநூறுக்கு மேல் சேர்ந்தன.

கதை என்று வந்தால் எங்கள் ஊர்க்காரர் ஆர். கே. நாராயணை விட முடியாது. யாதவகிரியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அவருடைய வாக்கியங்கள் சின்னவை, பெட்டி குறைவு, பிள்ளைகளுக்கு மூச்சு வாங்காது. 'எ ஹார்ஸ் அண்ட் டூ கோட்ஸ்' கதையைப் பத்தாம் வகுப்புக்கு என் சொந்த வார்த்தைகளில் சுருக்கிக் கொடுப்பேன். தமிழ் மட்டும் தெரிந்த முனியும், ஆங்கிலம் மட்டும் தெரிந்த அமெரிக்கரும் மண் குதிரைச் சிலையடியில் உட்கார்ந்து நெடுநேரம் பேசுகிறார்கள். அவர் குதிரைக்கு விலை பேசுகிறார். முனி தன் ஆட்டுக்கு விலை பேசுவதாக நினைக்கிறான். பணம் கை மாறுகிறது, பேச்சு மாறவே இல்லை. நான் கேட்பேன்: இந்த வரியை முனி எந்த மொழியில் சொன்னான்? புத்தகத்தில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. விடை எந்த வரியிலும் எழுதப்படவில்லை, தேடி எழுத ஒரு சொல் கிடைக்காது. யோசித்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கதைக்கு அதிகம் சிரித்தவர்கள் பைலகுப்பேப் பிள்ளைகள்தான். கோல்டன் டெம்பிள் வாசலில் டூரிஸ்ட்டுகளிடம் தலையாட்டித் தலையாட்டி வளர்ந்தவர்கள். அந்தப் பையன் சிரிக்கவில்லை. முனி வீட்டுக்குப் போய்ப் பணத்தைக் காட்டியதும் மனைவி ஏன் நம்பவில்லை என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டான். பணத்தைத் திருடிவிட்டதாக நினைத்தாள் என்று நான் சொல்வதற்கு முன்னால், "ஏழைகளிடம் பணம் இருந்தால் முதலில் பயம் வரும், கென்லா" என்றான். அதுவும் புத்தகத்தில் எழுதப்படவில்லை.

அவன் பன்னிரண்டாவது முடித்துவிட்டுப் பெங்களூரில் வேலைக்குப் போனான். சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கிற வேலை. ஊரில் இருந்த அம்மாவோடு வீ-சாட்டில் பேசிக்கொண்டிருந்தான். 2020 ஜூனில் இந்தியாவில் அதைத் தடை செய்தபோது, பல திபெத்தியர்களுக்குப் போலவே அவனுக்கும் வீட்டுத் தொடர்பு அறுந்தது. அன்றைக்கு எனக்கு போன் செய்து நீண்ட நேரம் பேசினான். ஆங்கிலத்தில்தான் பேசினான், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் ஒலித்து. 'தோ'வும் 'த்ரூ'வும் இடம் மாறவில்லை.

நான் 2018இல் ஓய்வு பெற்றேன். இப்போது வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். போன மாதம் புதிதாக வந்து சேர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அதே வாக்கியத்தைக் கொடுத்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பெட்டி போடச் சொல்லிக்கொடுத்தேன். போட்டாள். முன்னால் தள்ளினாள். கன்னடத்தில் சொல்லிப் பார்த்தாள். "ஓ, விற்றவருக்குத்தான் களைப்பு!" என்று நிமிர்ந்தவள், ஒரு நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள். "ஆனா மிஸ், மாமாவுக்கும் களைப்பா இருந்திருக்கலாம் இல்லையா?"

இருந்திருக்கலாம் என்றேன். வாக்கியத்தில் அது எங்கே இருக்கிறது, காட்டு. அவள் பென்சில் முனையை முதல் சொல்லில் வைத்து, மெதுவாக வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனாள். 'டயர்ட்' வரை போனாள். "இல்லை, மிஸ்" என்றாள்.